கொல்லையில் கோழிக்கு அனுமதி: எந்த வழியில் கேட்பது?

வீட்டுக் கொல்லையில் நாலு பெட்டைக்கோழி வளர்க்க நகரம் அனுமதிக்க வேண்டும் என்று கூடும் குழுக்களில், கோழி வேண்டுமா என்பதில் சண்டை வருவதில்லை. எப்படிக் கேட்பது என்பதில்தான் வருகிறது. நேரே விதியைத் திருத்தச் சொல்வோம் என்பார் ஒருவர். முதலில் சோதனையாகக் கேட்டுப் பார்ப்போம் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் வீட்டில் ஏற்கெனவே கோழி இருக்கும். யாரும் கண்டுகொள்ளாதபோது ஏன் இந்த வம்பு என்பார். நான் இருந்த குழுவில் இந்த விவாதமே பல மாதங்களை விழுங்கியது. அவசரத்தில் ஒரு வழியைப் பிடித்து, அது சரியில்லை என்று திரும்பிவர இன்னும் சில மாதங்கள் ஆயின. அடுத்துத் தொடங்குகிறவர்களுக்கு அந்த மாதங்கள் மிச்சமாகட்டும் என்றுதான் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இடங்களில் விதித் திருத்தமே நல்ல வழி. ஆனால் ‘அனுமதி கிடைத்தது’ என்ற செய்தியைவிட, அந்த அனுமதியை எத்தனை வீடுகள் உண்மையில் பயன்படுத்த முடியும் என்பது முக்கியம். காகிதத்தில் வென்று கொல்லையில் தோற்ற நகரங்கள் உண்டு.

தடை எங்கே இருக்கிறது?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இப்போதுள்ள விதியை வரிவரியாகப் படியுங்கள். கோழிக்குத் தடை என்று ஊரே நம்பும் இடத்தில் சில சமயம் தடையே இருக்காது. நியூயார்க் நகரம் இதற்கு நல்ல சாட்சி. அங்கே சுகாதார விதி சேவல், வாத்து, பெருவாத்து, வான்கோழி ஆகியவற்றைத்தான் தடுக்கிறது. பெட்டைக்கோழிக்குத் தடை இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் மனு கொடுத்து, இல்லாத பிரச்சினையை எழுப்பி, உண்மையான தடையை வாங்கிக்கொண்டு வருவது பெரிய சோகம்.

தடை இருந்தால் அது எந்த உருவில் இருக்கிறது என்று பாருங்கள். விலங்குகள் பற்றிய விதியில் கோழி என்று பெயர் சொல்லித் தடுத்திருக்கலாம். நிலப் பயன்பாட்டு விதியில், குடியிருப்புப் பகுதியில் கால்நடை கூடாது என்று பொதுவாக எழுதி, கோழியையும் கால்நடைக்குள் சேர்த்திருக்கலாம். இவை இரண்டும் வேறு வேறு துறையின் கையில் இருக்கும், வேறு வேறு நடைமுறையில் திருத்தப்படும். ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்தால், ஒரு துறை அனுமதித்த கூட்டை இன்னொரு துறை பிரிக்கச் சொல்லும்.

மூன்றாவது உருவம் தடை போலவே தெரியாது. கோழி வளர்க்கலாம், ஆனால் கூடு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து இத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்று இருக்கும். இதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நகரம் அனுமதித்தாலும் வாடகை ஒப்பந்தமோ குடியிருப்போர் சங்கத்தின் விதியோ தடுத்தால், அந்தத் தடை அப்படியே நிற்கும். குழுவில் யாருக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. ஓராண்டு உழைத்துவிட்டு, வென்ற நாளில் தனக்கு இது பயன்படாது என்று ஒருவர் கண்டுகொள்வதைப் பார்க்கவே முடியாது.

சத்தமில்லாமல் வளர்ப்பது

இதையும் ஒரு வழியாக எண்ணித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலான நகரங்களில் கோழித் தடை புகார் வந்தால் மட்டுமே செயலுக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராக இருக்கும்வரை கோழியும் இருக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் இப்படி மறைவாகக் கோழி வளர்த்தவர்கள்தான் பிறகு ஒன்றுசேர்ந்து வெளியே வந்து, 2004-இல் விதியை மாற்றவைத்தார்கள். வீட்டுக்கு நாலு பெட்டைக்கோழி, சேவல் கூடாது என்ற அந்த வடிவம் பிறகு பல நகரங்களில் பேசப்பட்டது.

அவர்கள் வெளியே வந்ததால்தான் அது நடந்தது. வெளியே வராமலே காலம் தள்ளுவதில் இரண்டு கேடுகள் இருக்கின்றன. முதலாவது, பக்கத்து வீடு கைமாறும் ஒரே நாளில் எல்லாம் போய்விடும். சில நாள் கெடுவுக்குள் கோழிகளை அப்புறப்படுத்தச் சொல்லி நோட்டீஸ் வரும். இரண்டாவது இன்னும் தீவிரமானது. பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் மறைவாக இருக்கும் கோழி செத்தால், வளர்ப்பவர் யாரிடமும் சொல்ல மாட்டார். கால்நடை மருத்துவரிடம் போகத் தயங்குவார். நோய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போவது எல்லாருக்கும் ஆபத்து. சட்டப்படி வளர்க்க அனுமதி கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு வீட்டுக்கு மட்டும் விலக்கு கேட்பது இதற்கு அடுத்த சின்ன வழி. மலிவு, விரைவு. ஆனால் மறுக்கப்பட்டால் அந்த மறுப்பு எழுத்தில் நிற்கும். பிறகு வரும் ஒவ்வொரு மனுவுக்கும் அதையே காட்டுவார்கள். கிடைத்தாலும் ஒரே ஒரு வீட்டுக்குத்தான். ஊருக்காகப் போராட நினைக்கும் குழுவுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சோதனைத் திட்டம்

நகர மன்ற உறுப்பினர்களுக்கு மிகவும் பிடித்த வழி இது. ஆம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம்; இரண்டு ஆண்டு, சில வீடுகள், பிறகு பார்க்கலாம். குழுவுக்கும் இனிப்பாகத்தான் இருக்கும். கூட்டத்தில் யாராவது ‘சோதனையாகவாவது கொடுங்கள்’ என்று எழுந்து சொன்னால் அறையே தலையாட்டும்.

கனடாவின் இரண்டு நகரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்மன்டன் 2014-இல் சில வீடுகளோடு சோதனை தொடங்கியது. அங்கே அது படிப்படியாக விரிந்து நிலையான அனுமதியாயிற்று. டொராண்டோ 2018-இல் நகரின் நான்கு பகுதிகளில் மட்டும், வீட்டுக்கு நாலு கோழிவரை என்று தொடங்கியது, இடையில் நீட்டித்தது, கடைசியில் நிலையானதாக்காமல் முடித்துக்கொண்டது. தொடக்கம் ஏறக்குறைய ஒன்று, முடிவு நேரெதிர்.

சோதனைத் திட்டத்தின் அமைப்பிலேயே மூன்று பலவீனங்கள் இருக்கின்றன. பங்கேற்கும் வீடுகள் குறைவு என்பதால், ஆய்வாளர் போய்வரும் செலவு, பதிவேடு, இணையப் பக்கம் என்று நகரம் செலவழிப்பதை அந்தச் சில வீடுகளால் வகுத்தால் தொகை பெரிதாகத் தெரியும். ‘ஒரு கோழிக்கு இவ்வளவு செலவா’ என்ற கேள்வி அறிக்கையிலேயே எழும். நகரம் முழுக்க அனுமதித்திருந்தால் அதே செலவு பரவலாகிக் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

அடுத்தது கோழியின் ஆயுள். பெட்டைக்கோழி ஐந்து மாத அளவில் முட்டையிடத் தொடங்கும். இரண்டு மூன்று ஆண்டு நன்றாக இடும். ஆனால் எட்டு, பத்து ஆண்டுவரை உயிரோடு இருக்கும். இரண்டே ஆண்டுக்கு அனுமதி என்றால், பொறுப்பாக யோசிக்கிறவர் கூடு கட்டவே தயங்குவார். அப்படியே சேர்ந்தாலும், திட்டம் முடியும் நாளில் கோழிகள் எங்கே போகும்? அவசரமாகச் சேர்கிறவர்களும் யோசிக்காமல் சேர்கிறவர்களும் மிஞ்சினால் சோதனையின் முடிவும் அப்படித்தான் வரும்.

மூன்றாவதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்வேன். சோதனை முடியும் நாளில் யாரும் எதுவும் செய்யாவிட்டால் என்ன நடக்கும்? பெரும்பாலும் அனுமதி தானாகக் காலாவதியாகும். அப்போது தொடக்கத்தில் செய்த போராட்டத்தையே மறுபடி செய்ய வேண்டும். அதற்குள் குழு கலைந்திருக்கும், ஆதரித்த உறுப்பினர் பதவியில் இருக்க மாட்டார், ஊரில் வேறொரு நெருக்கடி வந்திருக்கும். எதுவும் செய்யாவிட்டால் அனுமதி தொடரும், நிறுத்த வேண்டுமானால் மன்றம் வாக்களித்துத்தான் நிறுத்த வேண்டும் என்று அந்த ஒரு வரியைத் திருப்பி எழுதவைக்க முடிந்தால் சோதனைத் திட்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். கூடவே, எதை அளப்போம் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்: நூறு வீட்டுக்கு எத்தனை புகார், அதில் எத்தனை உண்மை, அதே காலத்தில் நாய்கள் பற்றி எத்தனை புகார். சோதனையில் சேர்ந்த கோழிகள் ஆயுள் முடியும்வரை அதே வீட்டில் இருக்கலாம் என்ற வரியும் வேண்டும். இந்த மூன்றும் கிடைக்கவில்லையென்றால் நான் சோதனைக்குச் சம்மதிக்க மாட்டேன்.

விதித் திருத்தம்: வெற்றி எந்த வரியில் இருக்கிறது

நேராக விதியைத் திருத்தக் கேட்பது கடினம், மெதுவானது, பல கூட்டங்களைத் தாண்ட வேண்டும். ஆனால் கிடைத்தால் நிற்கும். கனடாவின் வான்கூவர் 2010-இல் திருத்தியது. அமெரிக்காவின் சியாட்டில் அதே ஆண்டு, ஏற்கெனவே மூன்றாக இருந்த எண்ணிக்கையை எட்டாக உயர்த்தியது. டென்வர் 2011-இல் கோழியும் வாத்தும் சேர்த்து எட்டுவரை எளிய உரிமத்தோடு அனுமதித்தது; அதற்கு முன்பு அங்கே நடைமுறை சுமையாக இருந்தது. ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பின்னால் தளர்த்திக்கொண்டு போகலாம் என்பதற்குச் சியாட்டிலும் டென்வரும் சாட்சி.

இங்கேதான் விவரங்களில் கவனம் வேண்டும். மன்றம் ‘சரி, ஆனால்...’ என்று தொடங்கும் இடத்தில்தான் எல்லாம் தீர்மானமாகிறது.

பக்கத்து வீட்டார் சம்மதம் என்ற நிபந்தனையை முதலில் எடுத்துக்கொள்வோம். கேட்க நியாயமாக இருக்கும். மினியாபொலிஸ் நகரில் ஒரு காலத்தில் 100 அடிக்குள் இருக்கும் அண்டைவீட்டாரில் 80 சதவீதம் பேர் கையெழுத்திட வேண்டும் என்று இருந்தது. பத்து வீடு என்றால் எட்டுக் கையெழுத்து. இரண்டு வீட்டு உரிமையாளர்கள் வேறு ஊரில் இருந்து பதில் போடாவிட்டால், மிச்சம் எல்லாருமே சம்மதிக்க வேண்டும். ஒரே ஒருவர் முகம் சுளித்தாலும் முடிந்தது. ஆட்கள் மாறினால் மறுபடி கேட்க வேண்டியிருக்கும். தெருவில் எல்லாரோடும் பேசிப் பழகிய, நெடுங்காலம் அங்கேயே இருக்கும் வீட்டுக்காரருக்குக் கையெழுத்து கிடைக்கும். புதிதாகக் குடிவந்தவருக்கும், மொழி சரளமாகப் பேசாதவருக்கும், கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் கிடைக்காது. கோழி வளர்க்கும் தகுதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்த நகரமே பிறகு அந்த விதியைத் தளர்த்தியது.

இதற்கு மாற்றாகத் தகவல் தெரிவித்தலை முன்வையுங்கள். எல்லையை ஒட்டிய வீடுகளுக்குக் கோழி வளர்க்கப் போவதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்களுக்கு உண்மையான தொல்லை வந்தால் எங்கே புகார் செய்வது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டாருக்குத் தெரியும் உரிமை கிடைக்கிறது. தடுக்கும் அதிகாரம் கிடைப்பதில்லை. பேரம் பேசும்போது மற்ற எதை விட்டுக்கொடுத்தாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்பேன்.

அடுத்தது தூரம். ‘அண்டை வீடுகளிலிருந்து 15 மீட்டர்’ என்று யாரோ சொல்வார். ஒரு எண் சொன்ன திருப்தியில் எல்லாரும் அடுத்த விஷயத்துக்குப் போவார்கள். அப்போது ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டுங்கள். மனை 12 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம். முன்னால் 5 மீட்டர் விட்டு, 10 மீட்டர் நீளத்துக்கு வீடு. பின்கொல்லை 15 மீட்டர். இரு பக்கமும் அதே அளவு வீடுகள். பின்னால் முதுகு காட்டி நிற்கும் வீட்டுக்கும் 15 மீட்டர் கொல்லை. இப்போது கூட்டை எங்கே வைப்பது? பக்கத்து வீட்டுப் பின்சுவரிலிருந்து 15 மீட்டர் தள்ளினால் பின்வேலி வந்துவிடுகிறது. பின்வேலியிலிருந்து பின்னால் இருக்கும் வீடும் சரியாக 15 மீட்டர். பின்வேலியை ஒட்டிய ஒரு சின்னப் பட்டையில் மட்டும் விதி நிறைவேறுகிறது; கூடும் வெளியடைப்பும் சேர்ந்து நிற்க அங்கே இடம் கிடைப்பது அரிது. அதே 15 மீட்டரை வீட்டிலிருந்து என்பதற்குப் பதிலாக மனையின் எல்லையிலிருந்து என்று எழுதிவிட்டால் 12 மீட்டர் மனையில் கணக்கே வேண்டாம். எல்லையிலிருந்து 3 மீட்டர் என்றால், நடுவே 6 மீட்டர் அகலப் பட்டை கிடைக்கிறது. கூடு தாராளமாக நிற்கும்.

நகரத்து மனை வரைபடத்தை வைத்து, முன்மொழியப்படும் தூரத்தில் எத்தனை மனைகள் தேறும் என்று எண்ணிக் கொண்டுபோங்கள். பெரிய தோட்டம் உள்ள சில தெருக்கள் மட்டும் தேறுகின்றன என்று வரைபடத்தில் நிறம் பூசிக் காட்டினால் விவாதத்தின் போக்கே மாறிவிடும். எங்கள் குழு முழுக்க முழுக்க முட்டையின் சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஒரு இளம் உறுப்பினர் இந்த வரைபடத்தைப் போட்டுக் கொண்டுவந்த பிறகுதான் அதிகாரிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எண்ணிக்கையில் நாலுக்குக் கீழே போக விடாதீர்கள். கோழி கூட்டமாக வாழும் பறவை. இரண்டே இருந்தால் ஒன்று செத்ததும் மற்றது தனித்துவிடும். ஒற்றைப் புதுக்கோழியைப் பழைய கூட்டத்தில் விட்டால் கொத்தி விரட்டும். இரண்டு மூன்றாகச் சேர்ப்பதுதான் நல்லது, அதற்கும் எண்ணிக்கையில் இடம் வேண்டும். ஆறு கேளுங்கள், நாலில் நில்லுங்கள்.

சேவலை விட்டுக்கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. முட்டையிடச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்கத்தான் தேவை. ஆனால் சேவல் தடை வைக்கும்போது வான்கூவர் செய்த ஒரு புத்திசாலித்தனத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அங்கே நாலு மாதம் தாண்டிய பெட்டைக்கோழியைத்தான் வைத்திருக்கலாம். குஞ்சாக வாங்கினால் ஆணா பெண்ணா என்று தவறிப்போகும். வளர்ந்த பிறகு கூவத் தொடங்கியதும் அந்தச் சேவலை எங்கோ கொண்டுபோய் விடுவார்கள். நாலு மாதத்தில் கொண்டையும் கழுத்து இறகும் சொல்லிவிடும். அதே நகரத்தின் விதி ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் 0.37 சதுர மீட்டரும், மேலே கூரையிட்ட வெளியடைப்பில் 0.92 சதுர மீட்டரும் வேண்டும் என்கிறது. ‘போதுமான இடம்’ என்று மொட்டையாக எழுதுவதைவிட இப்படி எண்ணாக எழுதுவது கோழிக்கும் நல்லது, ஆய்வாளருக்கும் நல்லது.

உரிமமா, பதிவா? கூட்டை வந்து பார்த்துக் கட்டணம் வாங்கி ஆண்டுதோறும் புதுப்பிக்கும் உரிமம் ஒரு பக்கம். பெயர், முகவரி, எண்ணிக்கை மட்டும் கேட்கும் இலவசப் பதிவு மறுபக்கம். கட்டணம் ஓராண்டு முட்டையின் மதிப்பை நெருங்கினால் பாதிப் பேர் மறுபடி மறைவுக்குப் போய்விடுவார்கள். அத்தோடு நோய்க் கண்காணிப்பும் போயிற்று. பதிவே போதும் என்பது என் கருத்து. பதிவே வேண்டாம் என்று சிலர் வாதிடுவார்கள், அவர்களோடு நான் உடன்படவில்லை. இங்கிலாந்தில் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு கட்டாயம். பறவைக் காய்ச்சலின் வேகத்தைப் பார்த்த அதிகாரிகள் முகவரி கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது என்ற இரண்டையும் பெரும்பாலான மன்றங்கள் கேட்கும். விற்பனைத் தடையை ஒப்புக்கொள்ளுங்கள். நாலு கோழி முட்டை வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சரியாகிவிடும். அறுப்புத் தடையை ஒப்புக்கொள்ளும்போது மட்டும் முட்டை நின்ற கோழியைப் பற்றியும் பேசியாக வேண்டும். வான்கூவர் அனுமதி கொடுத்தபோது கைவிடப்பட்ட கோழிகளுக்கு இடம் அமைக்க 20,000 கனடிய டாலர் ஒதுக்கியது, எதிர்ப்பாளர்கள் அந்தத் தொகையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். குழுவே முன்வந்து, கிழட்டுக் கோழியை ஏற்கும் வீடுகளின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போனால் அந்த வாய் அடைபடும்.

வாக்கெடுப்பும் மேல்மட்டச் சட்டமும்

மக்கள் கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்பு நடத்தும் உரிமை சில நகரங்களில் உண்டு. வென்றால் மன்றம் எளிதில் மாற்ற முடியாது. ஆனால் கோழி வளர்க்க நினைப்பவர்கள் எப்போதும் சிறுபான்மை. பெரும்பாலான வாக்காளர்களுக்கு இதில் அக்கறையே இராது, அந்த அக்கறையின்மை பழையதே இருக்கட்டும் என்ற பக்கம்தான் சாயும். கூடு, தூரம், பதிவு என்று மேலே பேசிய எதையும் ஒரு வரிக் கேள்வியில் அடக்கவும் முடியாது. தோற்றால் ‘ஊரே வேண்டாம் என்றது’ என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் நிற்கும். மன்றம் பலமுறை கதவைச் சாத்திய பிறகு மட்டும் இதைத் தொடுங்கள்.

மாநிலச் சட்டத்தைக் காட்டி நகரத்தை மடக்கும் வழியும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், விவசாயத்தைத் தொல்லை வழக்குகளிலிருந்து காக்க 1981-இல் வந்த வேளாண் உரிமைச் சட்டத்தின் நிழலில் நகரவாசிகள் பலர் கோழி வளர்த்தார்கள். 2014 ஏப்ரலில் மாநிலத்தின் வேளாண் ஆணையம் வழிகாட்டு நெறிகளைத் திருத்தி, குடியிருப்புப் பகுதிகளை அந்தப் பாதுகாப்பிலிருந்து வெளியே தள்ளியது. ஒரே கூட்டத்தில் நிழல் போயிற்று. தங்கள் நகரத்தோடு பேசி அனுமதி வாங்கியிருந்தவர்களுக்கு இது ஒன்றும் செய்யவில்லை.

எதிர்ப்புக்கு நேர்மையான பதில்

எந்த வழியில் போனாலும் சத்தம், நாற்றம், எலி, நோய் என்ற நாலும் வரும். இதில் மிகைப்படுத்தினால் நாம்தான் அடிபடுவோம்.

சத்தத்தில் நம் பக்கம் வலு அதிகம். முட்டையிட்ட கோழி கேருவது 60 முதல் 70 டெசிபெல்; இருவர் பேசிக்கொள்வதற்குக் கொஞ்சம் மேலே, அதுவும் சில நிமிடம். இருட்டினால் பரணில் ஏறி அடங்கிவிடும். நாய்க் குரைப்பு 90 டெசிபெல்லைத் தாண்டக்கூடியது, நள்ளிரவிலும் வரும்.

நாற்றத்தில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். நாலு கோழியின் எச்சம் ஒரு நாயின் கழிவைவிடக் குறைவு என்று மேடையில் சொல்கிறார்கள். ஒரு கோழி நாளுக்குச் சுமார் 120 கிராம் ஈர எச்சம் போடும். நாலுக்கு அரைக்கிலோவை எட்டும். நடுத்தர நாய் 300 முதல் 350 கிராம்தான். கணக்குத் தெரிந்த அதிகாரி ஒருவர் இதை எழுந்து சொன்னால் மேடையில் நிற்பவர் பாடு திண்டாட்டம். உண்மையான வாதம் வேறு. கோழி எச்சம் உரமாகும். நாய்க் கழிவைக் காய்கறித் தோட்டத்தில் போட மாட்டோம். நாறுவதற்குக் காரணம் ஈரம். எச்சத்தில் தழைச்சத்து மிகுதி. அதன் மேல் மரத்தூள், சருகு, வைக்கோல் என்று உலர்ந்த கூளத்தைத் தாராளமாகப் போட்டுக் கிளறிவிட்டால் அம்மோனியா எழும்பாது. கூரை ஒழுகினால் எவ்வளவு கூளம் போட்டாலும் நாறும். வெளியடைப்புக்கும் கூரை வேண்டும் என்று விதியிலேயே கேட்பது இதனால்தான்.

எலி கோழிக்காக வருவதில்லை, தீவனத்துக்காக வருகிறது. இரவில் தீவனத்தை மூடிபோட்ட தகர டப்பாவில் எடுத்துவைப்பதும், 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலை போடுவதும் வேண்டும். அறுகோணக் கண்ணுள்ள கோழிவலை என்று கடையில் தருவது கோழியை உள்ளே வைக்கும், அவ்வளவுதான். எலிக்குஞ்சு அதற்குள் நடந்துபோகும், பெரிய விலங்கு கடித்துக் கிழிக்கும்.

நோய்தான் கனமானது, அதை நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2020-இல் மட்டும் வீட்டுக் கோழிகளோடு தொடர்புள்ள சால்மோனெல்லா என்ற குடல் தொற்று 1,700 பேருக்கு மேல் பதிவானது. அந்த ஆண்டு பலர் புதிதாகக் கோழி வாங்கினார்கள். கை கழுவாததும், சின்னக் குழந்தைகள் குஞ்சை முகத்தோடு அணைத்துக்கொள்வதும் முக்கியக் காரணங்கள். பதிவு செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கச் சுகாதாரக் குறிப்பு கொடுக்க வேண்டும் என்று குழுவே கேட்கட்டும்.

ஈயத்தைப் பற்றி எதிர்ப்பாளர்கள் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லுங்கள். பழைய நகரங்களில், பழைய வண்ணப்பூச்சும் முந்தைய காலத்துப் பெட்ரோல் புகையும் மண்ணில் ஈயத்தை விட்டுப்போயிருக்கின்றன. கோழி மண்ணைக் கிளறித் தின்னும், ஈயம் முட்டைக்கு வரும். சிட்னியில் நடந்த ஆய்வு ஒன்றில் வீட்டுக் கோழி முட்டைகளில் கடை முட்டைகளைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம் இருந்தது. மண் பரிசோதனை, கொட்டிய புது மண், மண்ணில் சிந்தாமல் தொட்டியில் தீவனம் ஆகியவற்றால் இது பெரிதும் குறையும். நம் குழந்தைகள்தான் அந்த முட்டையைச் சாப்பிடப் போகிறார்கள். பிரசாரத்துக்கு இடைஞ்சல் என்று இதை மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மலிவான முட்டை என்ற வாக்குறுதியையும் விட்டுவிடுங்கள். கூடு, வலை, தீவனம், மருத்துவம் எல்லாம் சேர்த்தால் முதல் சில ஆண்டு கணக்கு கட்டாது. சமையலறைக் கழிவு குறையும் என்ற வாதத்துக்கு ஆதாரம் இருக்கிறது. பிரான்சின் கோல்மார் பகுதி நிர்வாகம் 2015-இல் குப்பையைக் குறைக்க வேண்டும் என்று, விரும்பிய வீடுகளுக்குக் கோழிகளையே கொடுத்தது. குப்பை அள்ளும் செலவைப் பற்றிக் கவலைப்படும் மன்ற உறுப்பினர் ஒருவராவது உங்கள் ஊரிலும் இருப்பார். அவரிடம் பேச்சை இங்கிருந்து தொடங்குங்கள்.

மன்றம் மக்கள் கருத்தைக் கேட்கும் நாளில் யாரைப் பேசவைப்பது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. கோழி ஆர்வலர்கள் பத்துப் பேர் அடுத்தடுத்துப் பேசினால் உறுப்பினர்கள் மூன்றாமவரோடு கேட்பதை நிறுத்திவிடுவார்கள். எங்கள் பக்கம் மனதில் நின்றவர் கோழியே வளர்க்காத ஒரு மூதாட்டி. அனுமதி உள்ள பக்கத்து ஊரில் மகள் வீட்டில் தங்கியிருந்தவர். வேலிக்கு அந்தப்பக்கம் கோழி இருந்ததே தனக்கு ஆறு மாதம் தெரியாது என்றார். தெரிந்த பிறகு காலையில் அவற்றைப் பார்ப்பதற்கென்றே நாற்காலியை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாராம். அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் பேசி முடித்ததும் மனை வரைபடத்தை மேசைமேல் விரியுங்கள்.